பெட்டி காலியாக இல்லாத நாள்

விடியற்காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். ரகீம் பாய் வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை. "கலியபெருமாள் அண்ணன் பூட்டாருபா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "பெட்டியும் காலனியில இருக்குது" என்றார்.

அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் சங்கத்தை அறிந்தவர்களுக்கு அந்த இரண்டாவது பேச்சின் கனம் தெரியும். இறந்தவரைக் கெடாமல் வைக்கிற ஐஸ் பெட்டி அது. எல்லாத் தெருவும் சேர்ந்து வாங்கியது. யாருக்கும் வாடகை இல்லை. அண்ணன் தலைவர், பாய் பொருளாளர். கைநாட்டு வைக்கிற என்னையும் கமிட்டியில் உட்கார வைத்தவர் அண்ணன்தான். "சாவு வூட்டுல கையெழுத்தா கேக்கப் போறாங்க? பெட்டிக்கு ஒரு பக்கம் தூக்க ஆள் வேணும், வாடா" என்றார்.

பெட்டி வாங்க அதிகம் கொடுத்தவர் ஊரின் பெரிய கரும்புக்காரர். அவருடைய தாயார் இறந்த அன்று பெட்டி ஒரு கூலிக்காரர் வீட்டில் இருந்தது. "எங்காசுல வாங்குன பெட்டிடா, எனக்கே இல்லையா?" என்று அவர் அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"நீங்க குடுத்தது ஊருக்கு மாமா. பெட்டி மொதல்ல கேட்டவருக்கு" என்றார் அண்ணன். பிறகு தாமே மூலக்குளம் போய் வாடகைப் பெட்டி கொண்டுவந்து இறக்கினார். அன்று முழுவதும் அந்த வீட்டிலேயே நின்று வேலை பார்த்தார். அப்படியும் கரும்புக்காரர் அதற்குப் பிறகு சங்கத்துக்கு எதுவும் தரவில்லை. "திட்டு வாங்க நான் இருக்கேன், பெட்டி தூக்க நீ இருக்கே. சங்கம் நடக்கும்பா" என்று அண்ணன் சிரித்தார்.

இப்போது அவருக்கே பெட்டி வேண்டியிருந்தது. ஒரே மகன் பிரான்சில். வந்து சேர மறுநாள் ஆகும். மூலக்குளத்து வாடகைப் பெட்டிகளெல்லாம் அன்று வெளியே போயிருந்தன. சங்கத்துப் பெட்டியில் காலனி முனியம்மா. அவள் மகள் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

சேதி கேட்டு முனியம்மா வீட்டு ஆட்களே வந்து நின்றார்கள். "தலைவருக்கு இல்லாத பெட்டியா? அம்மாவ இப்பவே எடுத்துடுறோம்" என்றார்கள். அண்ணனுடைய மனைவி அஞ்சலாட்சி அண்ணிதான் எழுந்து வந்தார்.

"அவ பொண்ணு ஆத்தா மூஞ்சியப் பாக்க வாணாமா? போங்கப்பா, போயி ஒங்க காரியத்தப் பாருங்க."

போனில் மகன் அழுதது எங்களுக்கும் கேட்டது. "எனக்காக ஒரு நாள் வெச்சிருக்கக் கூடாதாம்மா?"

"எப்படிடா வெப்பேன்? ஒங்கப்பா எழுந்து ஒக்காந்து திட்டுவாரு" என்ற அண்ணி, அதற்கு மேல் தாங்காமல் போனை என் கையில் கொடுத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டோம். மகன் வந்தபோது வீட்டில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கும் வயதாகிவிட்டது. என் முறை வருகிற அன்று பெட்டி வேறு யார் வீட்டிலாவது இருந்தால் இழுத்து வராதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். "இன்னாப்பா, இப்பவே அந்தப் பேச்சு?" என்று மூத்தவன் கோபித்துக்கொண்டான். கோபிக்கட்டும். அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்.