செட் ஆகல

பல் டாக்டரின் அறைக்குப் பின்னால், ஒரு மேசையும் ஒரு ஸ்டூலும் மட்டுமே கொள்ளும் அறையில் பொய்ப்பல் செய்பவருக்கு வயது நாற்பத்தொன்று. தெருவில் அவர் பெயர் 'செட்டு'. காலையில் பல்செட்டு செய்வார். மதியம் பிளாஸ்டர் செட் ஆகக் காத்திருப்பார். சாயங்காலம் டீக்கடையில் தன் செட்டோடு நிற்பார். இத்தனை செட்டுக்கு நடுவிலும் அவருக்கு ஒரு பெண் மட்டும் செட் ஆகவில்லை என்பது தெருவின் பொதுக் கவலை.

கடைசியில் அவருடைய அக்கா, தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் காட்டினாள். பார்த்தார், பேசினார், சொக்கிப்போனார். அந்த ஜோரில் பெண்ணின் அம்மாவுக்கு அளவெடுத்து ஒரு பல்செட்டும் செய்து கொடுத்தார். மாமியாரின் வாய்க்குள்ளேயே இடம் பிடித்த மாப்பிள்ளை அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"அவங்க வீட்லருந்து சொல்லிட்டாங்கடா. செட் ஆகலையாம்."

"சரிக்கா" என்று வைத்துவிட்டார்.

துக்கத்தில் சிலர் தாடி வளர்ப்பார்கள். இவர் அகராதியைத் திறந்தார். தன்னைக் கவிழ்த்த சொல்லின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டாமா? உட்கார வைப்பது என்ற பொருளில் வரும் செட், ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையாம். கூட்டம் என்ற பொருளில் வரும் செட், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து ஒட்டிக்கொண்டதாம். சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே பெயரில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன; தனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று அகராதியை மூடினார்.

போன் வந்த நான்காம் நாள் காலை அந்தப் பெண்ணே அவர் அறை வாசலில் நின்றாள். கையில் ஒரு டப்பா.

"நல்ல ஆளுங்க நீங்க! அம்மாவுக்கு நாலு நாளா பாலும் பிரெட்டும்தான். சொல்லி அனுப்பியும் எட்டிக்கூடப் பாக்கல."

"செட் ஆகலன்னு அக்கா சொன்னாங்களே..."

"ஆமா, ஆகல. கீழ்வரிசை ஈறுல குத்துது."

அவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே அவர் செய்து கொடுத்த பல்செட்டு.

"அப்போ... நான்?"

"நீங்க எங்க குத்துனீங்க?"

அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"முதல்ல இதை ராவிக் குடுங்க" என்று டப்பாவை நீட்டினாள். "உங்க அக்காகிட்ட சம்மதம் சொல்லணுமாம். பொக்கை வாயோட சொல்ல மாட்டேன்னு அம்மா பிடிவாதமா இருக்காங்க."

அவர் அரத்தைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

"மெதுவாவே பண்ணுங்க" என்று ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."