ஆடை விழாத பால்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பசு செத்துப்போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதித்தான் ஆகவேண்டும்... அந்தச் சாவில் எனக்கும் பங்கு இருக்கிறது.

பசுவின் பெயர் ரோஸி. வளர்த்தவர் பிலோமினா. அவருடைய மாமனார் ரயில்வே வொர்க்‌ஷாப் வேலைக்காக அரக்கோணத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவர். கணவர் போனபிறகு, போலாரத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு பிழைக்கிறார். ஆறு வருடமாக எங்கள் வீட்டுக்கு அவர் பால்தான். பில்டிங்கில் இன்னும் பத்து வீடுகளுக்கும்.

ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை — இந்தக் கோடை வரை.

"பாலைப் பாருங்க, ஆடையே விழலை. ஒரு வாரம் சேர்த்துக் கடைஞ்சா சுண்டைக்காய் அளவு வெண்ணெய்கூடத் திரளலை" என்றாள் என் மனைவி சுமதி.

மறுநாள் பிலோமினாவிடம் நேராகவே கேட்டேன். "தண்ணி ஏதாவது சேர்க்கறீங்களா?"

"ஐயோ, நக்கோ சார், இல்லவே இல்ல! மாதா மேல சத்தியமா ஒரு சொட்டு கலக்கல. எனக்கே புரியல. பால் முன்னைக்கு இப்ப கூடத்தான் கறக்குது. கெட்டிதான் இல்ல."

பால் கூடுகிறதாம், கெட்டி குறைகிறதாம்! இதைவிட நல்ல வாக்குமூலம் வேறு வேண்டுமா என்ன?

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். 'பால் விஷயத்தில் கவனம். தண்ணீர் கலக்கப்படுகிறது.' சந்தேகம் என்றுகூடப் போடவில்லை. பத்திரிகையில் எழுதுகிற ஆள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? அந்த வாரமே ஒன்பது வீடுகள் பாக்கெட் பாலுக்கு மாறின. நாங்களும்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. வாசலில் பிலோமினா. மூச்சு வாங்கியது.

"சார், ரோஸி எந்திரிக்க மாட்டேங்குது. மாட்டு டாக்டரம்மாவுக்கு வண்டி இல்லையாம். நீங்க கார்ல போய்க் கூட்டிட்டு வர முடியுமா?"

போனேன். கூட்டிவந்தேன்.

ரோஸி தலையை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு கிடந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. கால்நடை டாக்டரம்மா அதன் இடது வயிற்றை அழுத்தினார். உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் எனக்கே கேட்டது.

"என்ன போட்டே?" என்று தெலுங்கில் கேட்டார்.

"சோறு டாக்டரம்மா. பங்ஷன் ஹால்ல மிஞ்சினது. நேத்து பெரிய கல்யாணம்... மூணு டப் குடுத்தாங்க. பிரியாணியும் இருந்தது. நாம தின்றதுதானே?"

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. பிலோமினா புல் அறுத்துக்கொண்டிருந்த காலி மனைக்குக் கோடையில் வேலி போட்டுவிட்டார்கள். வைக்கோல் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் பாதி வைக்கோல், பாதி சோறு. பிறகு, ஒரே வாரத்தில் ஒன்பது வீடுகள் நின்றுபோனதும்... முழுக்கச் சோறு.

ஊசி போட்டார்கள். டிரிப் ஏற்றினார்கள். ஆப்பசோடாவைக் கரைத்துக் குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். பதினோரு மணிக்கு ரோஸியின் கால்கள் ஒருமுறை விறைத்து அடங்கின. பிலோமினா அழவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். கயிறு அழுத்தியிருந்த தடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா கை கழுவும்போது மெதுவாகக் கேட்டேன். "கொஞ்ச நாளா பால் தண்ணியா இருந்தது..."

"தண்ணியா இல்ல, கொழுப்பில்லாம இருந்திருக்கும்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். பசுவின் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலையும் புல்லையும் புளிக்கவைத்துப் பால் கொழுப்புக்கான மூலப்பொருளைத் தயாரிப்பவை அவைதான். நார்த்தீனி குறைந்து சோறும் எண்ணெயும் கூடினால் வயிறு கெடும். அங்கே வேறொரு மாதிரிக் கொழுப்பு அமிலம் உண்டாகி, ரத்தம் வழியாக மடிக்குப் போய், கொழுப்பு உற்பத்தியையே அடக்கிவிடும். பாலின் அளவு குறையாது. சில சமயம் கூடவும் செய்யும்.

"ஆடை விழலைன்னா, அது பசு சொல்ற முதல் கம்ப்ளெயின்ட். அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா தீனியை மாத்தியிருப்பேன். பிழைச்சிருக்கும். சரி, தண்ணின்னு யார் சொன்னாங்க? டெஸ்ட் பண்ணினீங்களா? தண்ணி கலந்த பாலா, கொழுப்பு மட்டும் குறைஞ்ச பாலான்னு பால் சென்டர்லயே சொல்லிடுவாங்களே?"

பால் சென்டர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டாப். நான் போகவில்லை. ஒரு பெண் உள்ளதை உள்ளபடி சொன்னார். நான் அதைத் திருட்டின் ஒப்புதலாகக் கேட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா போனபிறகு பிலோமினாவிடம் சொன்னேன். "குரூப்ல அதை எழுதினது நான்தான்."

"ஹவ் சார், ஆமா, தெரியும். அன்னைக்கே ரெண்டாவது மாடிக்காரம்மா காட்டினாங்க."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்தீங்க?"

"மத்தவங்க யாரும் கதவு திறக்கல."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை குரூப்பில் நீளமாக மன்னிப்பு எழுதினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். நிறையக் கைகூப்பும் படங்கள் வந்தன. ஒருவர் கேட்டார்: 'ஸோ, பாக்கெட் பாலை கன்டின்யூ பண்ணலாமா?' இன்றுவரை ஒரு வீடும் திரும்பவில்லை, எங்களைத் தவிர.

இன்னொரு பசு கொஞ்சமாகத் தின்றதால் தப்பித்தது. இப்போது அதற்குச் சோறு கிடையாது, வைக்கோலும் பசுந்தீவனமும்தான். பாலில் மறுபடி ஆடை விழ இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார் டாக்டரம்மா.

பிலோமினா இழந்த பெயர் திரும்ப எத்தனை வாரம் ஆகும் என்று நான் கேட்கவில்லை — அது மாட்டு டாக்டருக்குத் தெரிகிற விஷயமா?