மேடைப் பலகைக்குக் கீழே ஒரு தொட்டி

பாரிஸில், லா சப்பலில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் பிரெஞ்சுக்காரரின் பழைய பப்டிஸ்ட் தேவாலயம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் அதைத் தமிழ்ச் சபைக்கு விடுகிறார்கள். நான் பிள்ளையார் கோயில்காரன். மனைவிக்குத் துணையாகப் போய்க் கடைசி வாங்கில் குந்தியிருந்து கொட்டாவி விடுவதோடு சரி.

அவள் மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை. டயாலிசிஸ் தொடங்கிய காலத்தில் இந்தச் சபைப் பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தார்கள். அப்படியே அவர்களோடு ஒட்டிக்கொண்டாள். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றாள். குழந்தையில் தலையில் ஊற்றிய தண்ணீர் இவர்களிடம் செல்லாது. விவரம் தெரிந்த வயதில், தானாக விரும்பி, முழுதாக முழுகி எழும்ப வேண்டும். அதற்கென்றே மேடைப் பலகைக்குக் கீழே ஒரு தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள்.

அவளுடைய நெஞ்சிலோ குழாய். கை நரம்பு சரிவராததால் அதன் வழியாகத்தான் இரத்தம் சுத்தமாகிறது. அதில் தண்ணீர் படவே கூடாது. பிளாஸ்டிக் சுற்றினால் என்ன என்று கேட்டேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பாஸ்டரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "ஒரு செம்புத் தண்ணியைத் தலையிலை ஊத்தினா உங்கடை கர்த்தர் கோவிப்பாரோ?"

"ஊத்தினா அது எங்கடை ஞானஸ்நானம் இல்லை அண்ணை. என்னாலை மாத்தேலாது," என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குமேல் சண்டையும் பிடிக்க முடியவில்லை. அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், "எல்லாரையும் போல முழுகத்தான் வேணும்," என்கிறாள். இருவர் மேலும் எனக்கு ஆத்திரம். ஆத்திரப்பட்டு என்ன செய்ய?

போன மாதம் மூன்று பேர் முழுகினார்கள். துவாய்களோடு தொட்டிப் படியருகே நின்று ஒவ்வொருவரையும் போர்த்தி விட்டவள் அவள்தான். எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனபின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முதற்படியில் இறங்கினாள்.

"இஞ்சாருங்கோ, கையைப் பிடியுங்கோ."

பிடித்தேன். அடுத்த படியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அதற்குக் கீழே போகவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து மற்றக் கையால் கொஞ்சம் அள்ளி அவள் தலைக்குக் கொண்டுபோனேன்.

அவள் தலையை விலக்கினாள். "வேண்டாமப்பா. இது கணக்கிலை வராது."

அள்ளிய தண்ணீரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அது விரல்களுக்கிடையால் ஒழுகித் தொட்டிக்கே போய்விட்டது.