உதைபடாத அணுக்கரு

எங்கள் ஜெர்மன் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை. விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். போன வாரம் அப்படித் தட்டி உட்கார்ந்த பிர்கிட், என் போனில் இருந்த படத்தைப் பார்த்து, "உன் தங்கையும் அவள் மகளுமா? இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்பு!" என்றாள். தங்கை ஷகீலாதான். ஆனால் அந்தப் பிள்ளை சமீரா, என் மகள். "யா, யா" என்று சொல்லித் தொலைத்தேன்.

நாங்கள் விருத்தாசலத்துக்காரர்கள். ஷகீலா அங்கே பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறாள். சமீராவைத் தன்னோடு வைத்து வளர்ப்பதும் அவள்தான். என் வீட்டுக்காரர் கத்தாரில். நான் இங்கே காமா கதிரை வைத்து, மண்ணுக்குள் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறேன். தனியாகத் திரியும் அணுக்கரு காமா கதிரை வெளிவிட்டால், துப்பாக்கி சுட்டவன் தோள் மாதிரி பின்னால் உதைபடும். கதிரின் ஆற்றலில் கொஞ்சம் அந்த உதைக்கே போய்விடும். படிகத்துக்குள் மற்ற அணுக்களோடு பிணைந்திருந்தாலோ, பல சமயம் முழுப் படிகமும் சேர்ந்து உதையை வாங்கிக்கொள்ளும். கதிர் குறையாமல் கிளம்பும்.

ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கு அந்தப் படிகத்து அணுக்கரு மேல் வயிற்றெரிச்சல். ஷகீலாவும் அந்த அணுக்கரு மாதிரிதான். போன மழைக்காலத்தில் சமீராவுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்து வீட்டு மேரி அக்கா கஞ்சி கொண்டுவந்தார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் மாமியார் பஸ் பிடித்து வந்துவிட்டார். "கவலப்படாதக்கா, வூடு நெறைய ஆளு இருக்குது" என்றாள் ஷகீலா. ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே வாரம் நானும் இங்கே காய்ச்சலில் கிடந்தேன். சுடுதண்ணீர் வைத்துத் தர நாதியில்லை.

இப்போது சமீராவுக்கு விசா கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் கூட்டிவரப் போகிறேன். குளிருக்கு ஒரு கோட்டு வாங்கி வீடியோவில் காட்டினேன்.

"அது பத்தாதுக்கா. வளந்துட்டா."

"என் புள்ளைக்கு எது பத்தும்னு எனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

ஷகீலா சமீராவைத் தன் முன்னால் நிறுத்தினாள். பிள்ளையின் உச்சந்தலை அவள் நெஞ்சுக்கு வந்தது. "இங்க வரைக்கும் வரா. பாத்துக்கிட்டியா?" என்றாள். சமீராவைப் பிடித்த கையை அவள் எடுக்கவேயில்லை. பொறாமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இங்கே பிள்ளைகளின் உடுப்புக்கு வயது கணக்கில்லை, உயரம்தான் அளவு. மறுநாள் கோட்டை மாற்றப் போனேன். எவ்வளவு உயரம் என்று கடைக்காரி கேட்டாள். நானும் ஷகீலாவும் ஒரே உயரம். கையை என் நெஞ்சுக்கு நேராக நீட்டிப் பிடித்தேன். அவள் டேப்பை எடுத்து, என் கைக்கும் தரைக்கும் நடுவே இருந்த காற்றை அளந்தாள்.