சிவராணி அக்கா பிரித்துக் குறித்த குழிகள்

சிவராணி அக்காவின் செத்தவீட்டுக்கு எங்கள் முதலாளி பார்த்தீபன் மலர்வளையத்தோடு வந்தான். சவப்பெட்டிப் பக்கம் திரும்பாமல் என்னைத்தான் தேடினான்.

"அக்கான்ர வடிவான படம் ஒண்டு உன்னட்டக் கிடக்கோ? கொஞ்சம் சிரிச்ச மாதிரி. எங்கட நிலையத்தின்ர பேஸ்புக் பக்கத்தில போடவேணும், நிலவை அளந்த நானாட்டான் பெண் எண்டு."

அவன் கேட்டது எனக்கு அருவருப்பாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அவரை வேலையை விட்டு அனுப்பியவன் இவன். அவர் நிலவுப் படங்களில் குறித்ததெல்லாம் இன்னும் பிழை என்றே கிடக்கிறது. இந்த வேலை முடிகிற இம்மாதக் கடைசியில் அவை கணினியிலிருந்து அழிக்கப்படும்.

அக்காவின் குடும்பம் இனக்கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நானாட்டான் பக்கம் குடியேறியது. போர் முடிந்தபின் அவர் பதினொரு வருடம் கண்ணிவெடி அகற்றினார். முழங்காலில் நின்று, ஒரு நாள் முழுக்க ஒரு பாய் அகல நிலத்தைக் கிளறும் வேலை. அது முடிந்ததும் மன்னார் நகரில் பார்த்தீபன் நடத்தும் கணினி நிலையத்தில் சேர்ந்தார்.

அங்கே ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காக, நிலவின் படங்களில் தெரியும் குழிகளுக்கு வட்டம் போடுவோம். விண்கல் விழுந்த குழி கூடக் கூட அந்த நிலம் பழையது என்று கணக்கிடுவார்கள். வட்டங்களைச் சரிபார்ப்பது என் வேலை.

இரண்டாம் கிழமையே அக்கா கூப்பிட்டார். "தம்பி, இந்த வரிசையைப் பாருங்கோ. இது நேர விழுந்த குழியில்லை. அந்தப் பெரிய கல்லு விழேக்க தெறிச்ச துண்டுகள் போட்டது. கிபிர் பிளேன் குண்டு போட்ட இடத்திலயும் சுத்திவர இப்பிடித்தான் கிடக்கும். ஆழம் இராது, ஒரு பக்கம் இழுபட்டிருக்கும்."

அவர் சொன்னது சரி. தெறித்த குழிகளைத் தனி நிறத்தில் பிரிக்கவேண்டும் என்று பல்கலைக்கழகம் குறிப்பு அனுப்பியிருந்தது. ஒரே நாளில் தெறித்த ஐம்பது துண்டை ஐம்பது விண்கல்லாக எண்ணினால் நிலத்துக்கு இல்லாத வயது ஏறும். நான் வாசித்திருந்தேன். வட்டம் போடுபவர்களுக்கு அந்தக் குறிப்பைக் கொடுக்கவேண்டாம் என்றான் பார்த்தீபன். வேலை இழுபடுமாம்.

அக்கா மட்டும் தானாகவே அவற்றை வேறு நிறத்தில் பிரித்துக் குறித்தார். மற்றவர்கள் பத்துப் படம் முடிக்க அவர் மூன்று முடித்தார்.

"என்னக்கா, சந்திரனில வீடு கட்டப் போறியளோ? காணி பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்."

பார்த்தீபன் இப்படிக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "கட்டுறவன் கட்டட்டும் தம்பி. நான் இண்டுவரைக்கும் ஒரு நிலத்தையும் பிழையா ஒப்படைச்சதில்லை."

அவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோனதும் பார்த்தீபன் என் காதருகே வந்தான். "தோட்டக்காடு எங்களுக்கு நிலவு படிப்பிக்குதாம். அவ செய்ததெல்லாத்தையும் வெட்டு."

வெட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றுக்கும் 'பிழை' என்று அழுத்தினேன். மத்தியானம் அவர் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில் பங்கும் வாங்கித் தின்றேன்.

பிழை கூடிவிட்டது என்று கடிதம் கொடுத்த அன்று அக்கா என்னிடம் வந்தார். "எந்தப் படத்தில பிழை விட்டனான் தம்பி? காட்டினா விளங்கும்."

கணினி வேலை செய்யவில்லை என்றேன்.

பிறகு அவர் கூலிக்கு வயலுக்குப் போனார். சேற்றில் நின்று எலிக்காய்ச்சல் பிடித்து ஐந்தாம் நாள் செத்துப்போனார்.

படம் இல்லை என்றேன் பார்த்தீபனிடம். "பரவாயில்லை, அவட பேஸ்புக்கில எடுக்கலாம்," என்று சொல்லிவிட்டு மலர்வளையத்தோடு தன்னைப் படம் எடுத்துக்கொண்டான்.

சற்று முன் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு படங்களின் இலக்கங்களையும் போட்டேன். மாரிமுத்து சிவராணி பிழை விடவில்லை, பிழை என்று போட்டவன் நான், மற்றவர்கள் குறித்ததை நம்பவேண்டாம், அவர்களுக்குக் குறிப்பே கொடுக்கப்படவில்லை. பார்த்தீபனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

அருவருப்புப் போகவில்லை. மூன்று மாதமாக எழுதாததை எழுதி முடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது.