மருந்து குடோனும் எங்கள் லைப்ரரிகளும்

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் நானும் தோழியும் மென்பொருள் எழுதுகிறோம். பட்டாசுப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராம். அதில் நாங்கள் எழுதிய நிரல் கொஞ்சம்தான். பார்கோடு வரைவது, பிரிண்டரை இயக்குவது எல்லாம் வெளியார் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்; லைப்ரரிகள் என்பார்கள். அவற்றையும் எங்கள் நிரலோடு சேர்த்து ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் வெர்ஷன் கன்ட்ரோலில் போட்டிருந்தோம். அங்கே ஒருமுறை போட்டது போட்டதுதான். புது லைப்ரரி வந்தாலும் பழையது உள்ளேயே கிடக்கும். வேறொரு கணினியில் இறக்குவதென்றால், ஆரம்பித்துவிட்டுச் சாப்பிடப் போவோம்.

தோழியின் வீட்டில் எல்லாருமே பட்டாசுக் கம்பெனி வேலைக்காரர்கள். “வேலை செய்ற ரூம்லயேவாடி வெடிமருந்து மூட்டைய அடுக்குவாக? குடோன் தனியா இருக்கணும். வேணுங்கிறத மட்டும் எடுத்துட்டு வரணும்” என்றாள். லைப்ரரிகளை கிளவுட் என்ற இணையக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, நிரலை மட்டும் புதிதாக இன்னொரு வெர்ஷன் கன்ட்ரோலில் வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் எல்லாம் இறங்கிவிட்டது. தேவையே இல்லாமல் திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்தோம்.

அந்த உற்சாகத்தில் இன்னொரு விதியையும் கொண்டுவந்தாள். பட்டாசு ரூமில் மிஞ்சிய மருந்தைச் சாயங்காலம் அப்புறப்படுத்தியாக வேண்டும். அதேபோல, போட்டு வெகுநாளான கோப்புகளை கிளவுட் தானாகவே அழிக்கும்படி அமைத்தாள்.

தீபாவளி சீசனில் ஒருநாள், ஆனைக்குட்டம் பக்கம் இருக்கும் கம்பெனியின் மேனேஜர் போன் செய்தார். அந்தக் கம்பெனிதான் எங்கள் முதல் வாடிக்கையாளர். சரக்கு வாங்குபவர் ஸ்டிக்கரில் ஒரு வரி கூடுதலாகக் கேட்கிறாராம். லாரி வாசலில் நிற்கிறதாம். “இன்னைக்கு லோடு போகலேன்னா நாங்க பழையபடி பிரஸ்லயே அடிச்சிக்கிடுதோம்மா.”

வரியைச் சேர்த்தோம். லைப்ரரிகளைச் சேர்த்துப் புரோகிராமாக்கப் பார்த்தால், உருவாகவில்லை. பார்கோடு லைப்ரரியைக் காணவில்லை; வெகுநாளான கோப்பென்று கிளவுட் அழித்துவிட்டிருந்தது. அதை எழுதியவரும் அந்தப் பதிப்பை இணையத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார். புதிய பதிப்பு அந்தக் கம்பெனி பிரிண்டருக்கு ஒத்துவரவில்லை.

“கூட்டிப் பெருக்கிட்டியேடி” என்றேன்.

“நல்லா சுத்தமாத்தான் பெருக்கிருக்கேன்” என்றாள். பயத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பின் நடுவிலேயே நிறுத்தினாள். “ஏடி, பழைய மூட்டை அங்கனயேதான கெடக்கு?”

கிடந்தது. நாங்கள் கைவிட்டுப் போன பழைய வெர்ஷன் கன்ட்ரோலை யாரும் அழித்திருக்கவில்லை. மொத்தத்தையும் இறக்க ஆரம்பித்தோம். திட்டித் தீர்த்த அதே பாரம், அதே நிதானத்தில் வந்தது. மேனேஜர் மறுபடி அழைத்தார்.

“எம்மா, டிரைவரு தார்ப்பாயக் கட்டட்டுமாங்காரு.”

“அவருக்கு ஒரு புரோட்டா வாங்கிக் குடுங்க அண்ணாச்சி” என்றாள் தோழி.

“நாலு தின்னுட்டாரு.”

லைப்ரரி இறங்கியது. புரோகிராம் உருவானது. அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் தோழி அந்தச் சாயங்கால விதியை நீக்கினாள். “மருந்து மிஞ்சினா வெடிக்கும். இது சும்மா கெடந்தா நம்மள என்ன செய்யும்?” என்றாள். லைப்ரரிகள் கிளவுட்டிலேயே இருக்கும், அழிவது மட்டும் இல்லை என்று முடிவானது.

போனில் முதல் ஸ்டிக்கரின் படம் வந்தது. பெட்டியில் கோணலாக ஒட்டியிருந்தார்கள். பார்கோடு தெளிவாக இருந்தது. பின்னாலேயே மேனேஜரின் குரல்:

“லாரி கெளம்பிருச்சும்மா. அடுத்த லோடுக்கு இன்னும் ரெண்டு வரி சேக்கணுமாம்.”

“சேத்துருவோம் அண்ணாச்சி” என்று தோழி அடக்கமாகச் சொன்னாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, நாற்காலியோடு ஒரு முழுச் சுற்று சுற்றினாள்.