முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த கார்டு

அப்போது நாங்கள் டெல்லியில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் மாமனாருக்கு எட்டு வயதாக இருந்தபோது, அவருடைய அண்ணனும் அண்ணியும் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினார்கள். பிறகு தகவலே இல்லை. உயிரோடு இருப்பவருக்குத் திதி கொடுத்துவிட்டால் பாவமாயிற்றே என்று மாமனார் அண்ணனுக்குத் திதியும் கொடுத்ததில்லை.

"அண்ணன் கரை சேர்ந்தானான்னு தெரிஞ்சா போதும்மா" என்பார்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து ஓடிவந்தார். "அப்பா, அந்தக் காலத்துல கப்பல்ல போனவங்க பட்டியலெல்லாம் டெல்லியிலயே பார்க்கலாமாம். கப்பல் பேர் தெரியணும், அவ்வளவுதான்!"

மாமனார் முகம் மலர்ந்தது. "மதராஸ்லேர்ந்து அண்ணன் போட்ட கார்டுல பேர் இருக்குடா. பழைய முருகன் படத்துக்குப் பின்னாடி பத்திரமா செருகியிருக்கேன்."

கண்ணாடி உடைந்த படம் வீட்டில் இருக்கக்கூடாதென்று, தீபாவளிக்கு முன்பு நான்தான் அதை யமுனையில் விட்டிருந்தேன். அழுதுகொண்டே சொன்னேன்.

மாமனார், "முருகனோடதானே போயிருக்கு, விடும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்காரர் லீவு போட்டுப் போய்ப் பட்டியல்களைப் புரட்டினார். அதே பெயரில் எத்தனையோ பேர், எத்தனையோ கப்பல்கள். அந்த மாசியில் மாமனார் போய்விட்டார்.

இப்போதெல்லாம் எந்தச் சாமி படமானாலும் பின்னட்டையைப் பிரித்துப் பார்க்காமல் ஆற்றில் விடுவதில்லை. மாமனார் திதியன்று வாத்தியார், "அவர் அண்ணன் பேரையும் சேர்க்கலாமா?" என்று கேட்கிறார். வருஷா வருஷம் நாங்கள், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறோம்.